அழுக்கென்று சுரண்டிய பொட்டு

மச்சான்,

உன் வீட்டு விறாந்தையிலிருந்து பெயின்ற் மணம் வருகிறது. மாரி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. துறைமுகப் பக்கத்துக் காற்று உப்பையும் டீசலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அவ்வளவையும் தள்ளிக்கொண்டு இந்த மணம் மதில் தாண்டி வந்து என் மூக்கில் ஏறுகிறது. யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பெயின்ற். நத்தார் மாதத்தில் உன் வீட்டிலிருந்து கருவாவும் ஏலமும் சீனி கருக்கிய மணமும் அல்லவா வரவேண்டும்? நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக உன்னோடு சண்டை பிடிக்காமல் விடுவேன் என்று நினைக்காதே.

உன் மூத்தவன் றெஜி கனடாவிலிருந்து மனைவியோடு வந்திருக்கிறான். நீ போன பிறகு வருகிற முதல் நத்தார், அதை அப்பாவின் வீட்டில்தான் கொண்டாடவேண்டும் என்று லீவு எடுத்துக்கொண்டு வந்தவன். நல்ல பெடியன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவன் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். வந்த கையோடு உன் நத்தார்க் குடில் உருவங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, டவுனில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிற ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக்கி, விறாந்தையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்வித்து, உள்ளே கலர் பல்ப் கொழுவி அடுக்கி வைத்திருக்கிறான். மேலே உன் பெயர். கீழே, 'அன்பு அப்பாவின் நினைவாக.'

இன்று காலையில் போனுக்குப் படம் அனுப்பியிருந்தான். "எப்பிடி இருக்கு அங்கிள்?" என்று ஒரு கேள்வி வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சூசையப்பர் இருக்கிறார், மாதா இருக்கிறா, ராசாக்கள் பளபளவென்று நிற்கிறார்கள். நடுவில் பாலன். நத்தாருக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கிறது, மச்சான், அதற்குள் பிள்ளை பிறந்து தொட்டிலில் படுத்திருக்கிறது! படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். கன்னம் வழுவழுவென்று ரோசா நிறத்தில் இருந்தது. பொட்டைக் காணவில்லை.

அந்தப் பாலன் வந்த கதை றெஜிக்குத் தெரியாது. அவன் அப்போது சின்னவன். நாங்கள் எல்லோரும் சண்டைக்குப் பயந்து சனத்தோடு சனமாக ஓடிப்போய்த் திரும்பி வந்த வருஷம் அது. எங்கள் வீடு எப்படியோ தப்பியிருந்தது. உன் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. குடில் பெட்டி குசினி மூலையில் உடைந்த ஓடுகளுக்குள் கிடந்தது. சூசையப்பரின் கை முறிந்திருந்தது, ஒட்டகத்துக்கு ஒரு கால் இல்லை, பாலனைக் காணவே காணோம். நீ துறைமுகத் தச்சுப் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த வேப்பந்துண்டு ஒன்றை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் குந்தியிருந்து செதுக்கினாய். கதவும் கப்பலுக்கு ஆப்பும் செய்கிற கைக்குக் குழந்தை வருமா? முகம் ஒருமாதிரி வந்துவிட்டது. கைகள் இரண்டும் வடக்கயிறு இழுக்கிறவனின் கைகள். "பாலன் ஓவர்டைம் செய்து களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறார் போல" என்று நான் பகிடி பண்ணினேன். நீ கோபிக்கவில்லை. "தச்சன் வீட்டுப் பிள்ளைதானே, கை அப்பிடித்தான் இருக்கும்" என்றாய்.

நத்தாருக்கு நாலு கிழமைக்கு முன், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, கோயிலிலிருந்து வந்த கையோடு அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய். என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நேரே என் மனைவி பரமேசிடம் போனாய்.

"தங்கச்சி, நத்தார் வரைக்கும் பாலன் குடிலில இருக்கக் கூடாது. எங்கட பெடியள் எங்க ஒளிச்சு வைச்சாலும் தேடி எடுத்துப்போடுவாங்கள். இஞ்ச இருக்கட்டும். நத்தாருக்கு முந்தின நாள் பின்னேரம் இவனிட்டக் குடுத்துவிடுங்கோ."

இவன் என்பது நான்.

அவள் அதைச் சுவாமி அறையில் வைப்பாள் என்று நினைத்தேன். "சுவாமித் தட்டில பிள்ளையைப் படுக்க வைக்கிறதோ? உருண்டு விழுந்திடும்" என்றாள். தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் விரித்து, அதில் கிடத்தினாள். பிறகு மைச்சிமிழை எடுத்து வந்து கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள். யாருடைய கடவுள், எந்தச் சமயம் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் பிள்ளை வந்தால் கண்ணூறு படாமல் பொட்டு வைக்கவேண்டும், அவ்வளவுதான். யோசித்தது நான்தான். வேதக்காரருடைய ஆண்டவருக்கு மைப் பொட்டு வைத்துவிட்டு நாளைக்கு உன் முகத்தில் எப்படி முழிப்பது?

கொண்டுபோகிற நாளிலும் அவளுடைய சட்டம்தான். "கருக்கலில பிள்ளையை வெளியில கொண்டு போறதில்லை. நான் விளக்கு வைச்ச பிறகு போங்கோ." நீ உன் கேற்றடியில் வெள்ளைச் சேட்டும் பவுடரும் போட்டுக்கொண்டு பொறுமை இல்லாமல் நிற்கிறாய். அவள் ஆறுதலாகச் சுவாமி விளக்கை ஏற்றி, சாம்பிராணி காட்டி, மழைத் துமி படாமல் பிள்ளையின் தலையை ஒரு துணியால் மூடித் தருகிறாள். அந்த நத்தாருக்கு உங்கள் குடிலும் நீங்களும் எல்லோரும் கூரைக்குப் பதிலாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே. துணியை விலக்கியதும் நீ பொட்டைக் கண்டாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ பாலனை லாம்பு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது பிள்ளை மாதிரி இருக்கு" என்றாய். பொட்டோடேயே கிடத்தினாய்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கம். ஒவ்வொரு வருஷமும் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு. மை ஏறி ஏறித் தடித்து, தொட்டால் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமைகளில் பரமேஸ் அலுமாரிக் கதவை முழுதாகச் சாத்தமாட்டாள். பிள்ளைக்கு மூச்சு முட்டுமாம். நான் ஒருநாள் சிரித்ததற்கு அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

கேக்கும் இரண்டு வீட்டுச் சட்டப்படிதான். நீங்கள் கேக் போடுகிற நேரம் பார்த்துத்தான் அவளுக்குப் பிள்ளையார் பெருங்கதை விரதம் வரும். முட்டை எங்கள் படலை தாண்டக் கூடாது. ஆகவே சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியும் முந்திரிகை வத்தலும் கஜுவும் வெட்டுவது எங்கள் விறாந்தையில், றவை வறுப்பது எங்கள் குசினியில், முட்டையும் பட்டரும் அடிப்பது உன் வீட்டில். உன் மனைவி இருக்கும்வரை அவ அடித்தா, அவ போன பிறகு நீ அடித்தாய். வெட்டுவது எப்போதும் நாம் இரண்டு பேரும். நான் பெரிது பெரிதாக வெட்டுகிறேன் என்று உனக்குக் குறை. வெட்டுவதில் பாதி உன் வாய்க்குள் போகிறது என்று எனக்குக் குறை. நடுவில், டவுன் றோட்டெல்லாம் மாடு மாதிரித் திரிகிற மான்கள் உள்ளே பூந்து, குடிலில் புல்லுக்கு என்று நீ ரின்களில் முளைக்க வைத்த நெல்லை மேய்ந்துவிடும். நீ தும்புத்தடியோடு துரத்திக்கொண்டு ஓடுவாய். அவை றோட்டில் போய் நின்று உன்னைத் திரும்பிப் பார்க்கும்.

கேக் வெந்ததும் சூட்டோடு தட்டத்தை மதிலுக்கு மேலால் தூக்கிப் பிடிப்பாய். விரதக்காரி தின்னமாட்டாள், எட்ட நின்று மணந்து பார்ப்பாள். "அண்ணை, கராம்பு கூடிப்போச்சு." நீ ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "ஓம் தங்கச்சி, கூடித்தான் போச்சு" என்று சொல்லி என்னைப் பார்ப்பாய், கராம்பை நான்தான் போட்டது மாதிரி.

இந்த முறை றெஜி அனுப்பிய கேக் ஹோட்டலில் இருந்து வந்தது. பெட்டி, பெட்டிக்கு மேல் றிபன். ஓட்டோக்காரன் கேற்றடியில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கேக். அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

குடில் போட்டி வைத்த அந்த வருஷம் நினைவிருக்கிறதா? நத்தாருக்கும் வருஷப் பிறப்புக்கும் நடுவில் வீடு வீடாகக் குடில் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சீமெந்துப் பைக் கடதாசியைக் கஞ்சியில் நனைத்து, சாம்பல் பூசி நீ எழுப்பிய மலை. மாரிக்கு அது காயவில்லை என்று அடுப்படியில் கொண்டுபோய் வைத்து ஒரு மூலையைக் கருக்கிவிட்டாய். வந்தவர்கள் அந்தக் கருகிய மூலையைத்தான் குகை என்று மெச்சினார்கள். பிறகு ஒரு பெரிய மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன ஆண்டவற்ற கன்னத்தில?" என்றார்.

"கண்ணூறு படாமல் வைச்சது."

"ஆண்டவருக்குக் கண்ணூறோ? துடைச்சிட்டு வையுங்கோ. இப்பிடி இருந்தாப் போட்டிக்கு எடுக்க ஏலாது."

நானும் பரமேசும் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ மனிதரை ஒரு பார்வை பார்த்தாய். "போட்டிக்கு எடுக்காட்டிக்கு விடுங்கோ. வளர்க்கிறவள் வைச்ச பொட்டை நான் அழிக்க மாட்டன்."

வளர்க்கிறவள் என்றாய். பரமேஸ் குசினிக்குள் போய், கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் இதைப் பற்றி வாய் திறக்காத ஆளில்லை. வைத்தியம் சொன்னார்கள், நேர்த்தி சொன்னார்கள், தத்தெடுக்கச் சொன்னார்கள், கலியாண வீட்டில் பரமேசைப் பின் வரிசைக் கதிரைக்கு அனுப்பினார்கள். நீ ஒரு சொல் சொல்லவில்லை. வருஷத்தில் நாலு கிழமை எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்தாய், அவ்வளவுதான் செய்தாய். அது ஏன் என்று எனக்கு விளங்கியது. விளங்கியதை நானும் உன்னிடம் சொல்லவில்லை.

இனி இன்றைக்கு நடந்ததைக் கேள்.

சாரத்தோடேயே போனேன், குடையும் எடுக்கவில்லை. "றெஜி, பாலன்ர கன்னத்தில இருந்த பொட்டு எங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பொட்டு அங்கிள்?" என்று முழித்தான். பிறகுதான் பிடிபட்டது. "ஓ, அந்தக் கறுப்போ! அது அழுக்கெல்லே. மாரிக்குப் பூஞ்சணம் பிடிச்சிருக்கெண்டு நினைச்சம். பெயின்ற் அடிச்சவர் அதைச் சுரண்டி எடுக்கத்தான் கனநேரம் பிடிச்சதெண்டு சொன்னவர்."

அழுக்காம். என் மனைவி வருஷா வருஷம் விரலால் தொட்டுத் தொட்டு வைத்ததை ஒருவன் சுரண்டி எடுத்திருக்கிறான். அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறான்.

"பிள்ளையை வெளியில எடு. நத்தார் வரைக்கும் அது எங்கட வீட்டிலதான் இருக்கிறது."

"அது நாங்கள் சின்னனா இருக்கேக்க செய்த விளையாட்டெல்லோ அங்கிள்? இப்ப எடுக்க ஏலாது, விழாமல் இருக்க ஒட்டிப்போட்டம்." கொஞ்சம் தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான், "அப்பான்ர சாமான் அங்கிள். நாங்கள் பத்திரமாத்தானே வைச்சிருக்கிறம்."

அப்பான்ர சாமான். செதுக்கியவன் நீ, பெற்ற பிள்ளை அவன். நடுவில் நான் யார்? கத்திவிட்டேன், மச்சான். நீ ஒருநாளும் சொல்லாததை உன் விறாந்தையில் நின்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். "உன்ர அப்பா ஏன் அதை எங்களிட்டத் தந்தவன் தெரியுமோ? எங்களுக்குப் பிள்ளை இல்லையெண்டு தந்தவன்! பரமேஸ் பாவமெண்டு தந்தவன்!"

திரும்பினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பரமேஸ் நின்றாள்.

உடுப்புக் கூட மாற்றாமல் வந்திருந்து இதை எழுதுகிறேன். பெயின்ற்காரனோடு எனக்குக் கோபம் இல்லை. றெஜியோடும் இல்லை. உன்னோடுதான். கட்டிலில் கிடந்த காலம் முழுக்கப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவனுக்கு எத்தனை சொன்னாய்! தண்ணி மோட்டருக்கு வோஷர் மாற்றச் சொன்னாய், கேற்றுக்கு எண்ணெய் விடச் சொன்னாய், கிணற்றடி முருங்கையை வெட்டவேண்டாம் என்றாய். பிள்ளையை யார் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று மட்டும் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? நீ பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு போனாய், நான் அதைப் போட்டு உடைக்கவேண்டி வந்தது. நல்லது செய்கிறவன் அதை வாயால் சொல்லிவிட்டும் போகவேண்டும். அவளுக்கு முன்னால் பாவம் என்ற சொல்லைச் சொல்ல வைத்துவிட்டாயே.

நேற்று இவ்வளவோடு பேனையை வைத்துவிட்டேன். பரமேஸ் என்னோடு இருந்து சாப்பிடவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போய்விட்டாள். அது விரதமா கோபமா என்று தெரியவில்லை.

இன்று காலையில் றெஜி வந்தான், கையில் பாலனோடு. ஒட்டு விடவில்லையாம். உன் தச்சு ஆயுதப் பெட்டியைக் கிண்டி மரம் அறுக்கிற வாள் அலகு ஒன்றை எடுத்து அறுத்திருக்கிறான். முதுகில் ஒரு சீவல் போய், உள்ளிருந்த வேம்பு தெரிந்தது. என்னைப் பார்க்காமல் நேரே பரமேசிடம் போனான். உன் நடை அப்படியே.

"அன்ரி, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சின்னனில நாங்கள் பாலன் உங்கட வீட்டிலதான் பிறக்கிறவர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள். நாங்கள் வெளிக்கிட்ட பிறகும் அப்பா இதைச் செய்தவர் எண்டு தெரியாது."

"அதுக்கென்ன, கொண்டு வந்திட்டியெல்லே. இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள். பிள்ளையை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மைச்சிமிழை எடுத்துப் பொட்டு வைத்தாள். புதுப் பெயின்றில் மை பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு காதடிக்கு ஓடியது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். திரும்பவும் ஓடியது. எனக்கு மறுபடி ஆத்திரம் ஏறி வாய் திறந்தேன். "நீங்கள் சும்மா இருங்கோ. நாளைக்கும் வைப்பன், நாளையிண்டைக்கும் வைப்பன். பிடிக்கும்" என்றாள்.

றெஜி போன பிறகு அலுமாரித் தட்டில் சேலையை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"நேற்று என்னவோ கத்தினீங்கள். பாவம் பாத்துத் தந்தவர் எண்டு."

"கோபத்தில வந்திட்டுது" என்றேன்.

"அண்ணை பாவம் பாத்துத் தந்திருந்தா, அண்டைக்கே திருப்பிக் குடுத்திருப்பன். அவையின்ர வீட்டில கூரை இல்லை. அந்த மழைக்குப் பிள்ளையை வைக்க ஒரு காஞ்ச இடம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பெடியள் எடுத்துப்போடுவாங்கள் எண்டு ஒரு கதை விட்டவர். எங்கட வீட்டில இடம் இருந்தது. அதுக்குத்தான் தந்தவர்."

"அடுத்த வருஷம் கூரை போட்டாச்சே, பிறகேன் தந்தவன்?"

சேலையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் கேட்டனான். மதிலடியில நிண்டு கேட்டனான். அண்ணை, இந்த முறையும் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குத் தாறீங்களோ எண்டு. வருஷா வருஷம் நான்தான் கேட்டு வாங்கினனான்."

பாலனைக் கிடத்தினாள். கதவை அரைவாசி சாத்தினாள். பெருங்கதைக்குப் பூப் பறிக்கப் போய்விட்டாள்.

மச்சான், நீ என்ன மனிசன்? அவளுடைய வாயால் வந்ததை எனக்கும் சொல்லவில்லை, உன் மகனுக்கும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இன்றைக்குத்தான் விளங்குகிறது. விளங்கியும் எனக்குக் கோபம் போகவில்லை. நத்தாருக்கு முந்தின நாள் பின்னேரம் அவள் விளக்கு வைத்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு நான்தான் போவேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே நிற்கப்போகிறவன் றெஜி. அவனை ஏச எனக்கு ஏலாது, அதனால்தான் உன்னை ஏசி முடிக்கிறேன்.

என் மனைவி எனக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை என்று, பட்டறை வாசலிலும் தேத்தண்ணீர்க் கடையிலும் உன்னை வைத்துக்கொண்டே எத்தனை தரம் பெருமை பேசியிருக்கிறேன். நீயும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்தாய். அவள் கேட்டிருக்கிறாள், மச்சான். வருஷா வருஷம் கேட்டிருக்கிறாள். என்னிடம் இல்லை.